உளுத்த தரைப்பலகை: எபாக்சியா, புதுப் பலகையா?

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் பழைய ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) டிரெய்லரில் வெளிக்கூடு எளிதில் கெடாது. உள்ளே தரைப்பலகைதான் ஈரம் குடித்து இற்றுப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை லேசாக மட்டும் இறங்கினால், எபாக்சியை, அதாவது கலந்தபின் இறுகிக் கெட்டியாகும் பிசினை, இளக்கமான வகையாகப் பார்த்து ஊற்றி ஊறவிடலாம். வேலை சுலபம். ஆனால் மரம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் எபாக்சி உள்ளிறங்காது, அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை தொடர்ந்து தின்னும். பாரம் தாங்கும் இடங்களில் எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

அங்கே வெட்டி மாற்றுவதே சரி. உறுதியான மரம் தட்டுப்படும்வரை வெட்டி, மரைன் பிளைவுட் (நீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை) வைத்து, விளிம்புகளுக்கும் எபாக்சி பூசி, கண்ணாடியிழைத் துணியால் கூட்டோடு பிணைக்க வேண்டும். எபாக்சிக்குப் பதிலாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் (இன்னொரு வகைப் பிசின்) மலிவுதான். மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

எந்த வழியானாலும், ஜன்னல் ரப்பர், கூரைத் துளை, ரிவெட் கசிவுகளை முதலில் அடைத்துவிடுங்கள்.