மே மாதப் பறவைகளுக்கு ஹை பார்க்கா, ஸ்பிட்டா, பீலியா?

மே பிறந்தால் டொராண்டோவில் பறவை பார்ப்பவர்களிடையே ஒரே வழக்குதான்: எங்கே போவது? வெப்பநாடுகளில் குளிர்காலத்தைக் கழித்த வார்ப்ளர்கள் என்னும் சின்னஞ்சிறு பாடும் பறவைகள் இரவோடு இரவாக வடக்கே பறந்து, விடியற்காலையில் கண்ணில் படும் மரக்கூட்டத்தில் இறங்குகின்றன. எந்த மரக்கூட்டம் என்பதில்தான் சண்டை.

பெயரும் புகழும் பாயிண்ட் பீலிக்கு. 1918இல் தேசியப் பூங்காவான அந்த நிலமுனை ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது. ஏரியைக் கடந்து களைத்து வரும் பறவைக்கு அதுதான் முதல் தரை. தெற்குக் காற்றில் கிளம்பிய கூட்டம் வழியில் மழையில் சிக்கினால், முழங்கால் உயரப் புதரிலேயே வார்ப்ளர் உட்கார்ந்திருக்கும், பைனாகுலருக்கு வேலையில்லை. ஆனால் காரில் நான்கு மணி நேரம் போய், விடுதிக்கும் பணம் கட்டிய பிறகு வடக்குக் காற்று பிடித்துக்கொண்டு பறவைகள் வராமல் போனால், வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு இரவு தங்க முடியாதவர்களுக்கு நான் பீலியைச் சொல்வதில்லை.

டாமி தாம்சன் பூங்காவை ஸ்பிட் என்றால்தான் பலருக்கும் தெரியும். கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஒண்டாரியோ ஏரிக்குள் ஐந்து கிலோமீட்டர் வளர்த்த நிலம். புதர்கள் மிகுதி என்பதால் பறவை கண் மட்டத்திலேயே கிடைக்கும். நாய்களுக்கு அனுமதி இல்லை என்பது பெரிய நிம்மதி. குறை என்றால், ஏரிக்காற்று மே மாதத்திலும் எலும்பைத் தொடும். நீர்க்காகக் குடியிருப்பின் நாற்றம் வேறு. அதைவிடப் பெரிய குறை, வார நாள்களில் மாலை 4 மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். இரவில் வந்து இறங்கிய பறவையைக் காலையில் பார்க்க வேண்டுமானால் சனி, ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும்.

என் ஓட்டு ஹை பார்க்குக்கு. சுரங்க ரயிலில் இறங்கி நடந்தால் பூங்கா. வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும். எந்த இரவில் பறவை கொட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத விளையாட்டில், தினமும் போக முடிகிற இடத்துக்கே வாய்ப்பு அதிகம். செர்ரிப் பூ பார்க்க வரும் கூட்டம் கலையும் நேரத்தில்தான் வார்ப்ளர் கூட்டம் வந்து சேர்கிறது என்பது இன்னொரு வசதி.

அங்கே கருப்பு ஓக் மரங்கள் பூத்துச் சரம் சரமாகத் தொங்கும்போது, அவற்றிலுள்ள புழுக்களுக்காகப் பறவைகள் மொய்க்கும். அமெரிக்க ரெட்ஸ்டார்ட் என்னும் வார்ப்ளரின் ஆண் பறவையைக் கவனியுங்கள்: வாலை விசிறிபோல் சட்டென்று விரிக்கும், ஆரஞ்சு நிறம் பளிச்சிடும், மிரண்டு கிளம்பும் பூச்சியைத் தாவிப் பிடித்துவிடும்.

எல்லாம் உச்சிக்கிளையில் நடப்பதால் அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும் என்பது உண்மைதான். குளிரான காலையென்றால் கிரெனடியர் குளத்தோரம் இறங்கிவிடுங்கள். அன்றைக்குப் பூச்சிகள் தண்ணீரை ஒட்டித்தான் பறக்கும். வார்ப்ளர்களும் தாழ்ந்த கிளைகளுக்கு வந்துவிடும்.