கத்தோலிக்கமும் சீர்திருத்தச் சபைகளும்: பண்பாட்டில் இருவேறு தடங்கள்

1517இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதர் எழுப்பிய விவாதத்தால் மேற்கத்தியக் கிறிஸ்தவம் பிளவுபட்டபோது, பண்பாடும் இருவேறு தடங்களில் சென்றது. ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் (1545–1563) தீர்மானப்படி கத்தோலிக்கத் திருச்சபை திருவுருவ வணக்கத்தைத் தொடர்ந்தது. அலங்காரமும் உணர்ச்சியும் மிக்க பரோக் கலையின் செழிப்புக்கு அதுவும் ஒரு காரணம். பிரிந்து சென்ற சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளோ செவிக்கும் எழுத்துக்கும் முதலிடம் தந்தன. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆலயங்களிலிருந்து 1524இல் படங்களும் சிலைகளும் அகற்றப்பட்டன. லூதரன் சபையாரிடமோ, அனைவரும் தாய்மொழியில் சேர்ந்து பாடும் பாமாலை மரபு வேரூன்றி, இசையமைப்பாளர் பாகின் கான்டாட்டாக்கள் (பாடகரும் இசைக்கருவிகளும் சேர்ந்து இசைக்கும் படைப்புகள்) வரை வளர்ந்தது. வேதாகமத்தை ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் எழுத்தறிவுக்கு உந்துதலானது உண்மையே. ஆயினும் கல்வியைச் சீர்திருத்தச் சபைகளின் தனிச்சொத்தாகக் கருதுவது, என் பார்வையில், மிகை. 1540இல் திருத்தந்தையின் (போப்) ஒப்புதல் பெற்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபையும் ஐரோப்பா எங்கும் கல்லூரிகளை நிறுவியது. நிர்வாகத்தில் கத்தோலிக்க ஆயர்கள் திருத்தந்தைக்குக் கட்டுப்பட்டவர்கள். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் வாக்களித்து முடிவெடுக்கிறார்கள்.