கெரான் கையில் உள்ள வீடா, டெவலப்பர் பெயரில் உள்ள வீடா? செத்தாப்பாக்கில் நாங்கள் பார்த்த இரண்டு

போன வருஷம் முழுக்க கோலாலம்பூரில் வீடு தேடி அலைந்து, கடைசியில் செத்தாப்பாக்கில் இரண்டு வீட்டில் வந்து நின்றோம். இரண்டும் அடுக்குமாடி, இரண்டும் கைமாறும் பழைய வீடு, இரண்டும் ஃப்ரீஹோல்ட், அதாவது காலவரம்பு இல்லாத உரிமை. நடுவில் ஒரு சாலை, ஒரு ரொட்டிச்சானாய் கடை. முதல் வீடு 850 சதுர அடி, 385,000 வெள்ளி. இரண்டாவது மூலை வீடு, 1,000 சதுர அடி, 345,000 வெள்ளி. மூலை வீட்டின் சமையலறை என் வீட்டுக்காரிக்குப் பிடித்தது. மிச்சமாகிற 40,000 வெள்ளி எனக்குப் பிடித்தது. ஆனால் வாங்கியது முதல் வீட்டைத்தான்.

காரணம் ஒரு காகிதம். முதல் வீட்டுக்குத் தனி ஸ்த்ராத்தா கெரான், அதாவது அந்த ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மட்டுமான உரிமைப் பத்திரம், வந்துவிட்டது. மூலை வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கட்டடம் நிற்கிற நிலம் மொத்தமும் இன்னும் மாஸ்டர் டைட்டில் என்கிற ஒரே பத்திரத்தில், டெவலப்பர் பெயரில் கிடக்கிறது.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். புக்கிங்கின்போது 3 விழுக்காடு, எஸ்.பி.ஏ. என்கிற விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மீதியைச் சேர்த்து 10. பாக்கிப் பணத்துக்கு மூன்று மாதம், அதில் முடியாவிட்டால் வட்டியோடு இன்னொரு மாதம். வக்கீல் கட்டணம் 2023 ஆணைப்படி முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. என் கணக்கில் எஸ்.பி.ஏ.வுக்கு 4,812.50, லோன் பத்திரத்துக்கு 4,331.25, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி 6,700 வெள்ளி வந்திருக்கும். நாங்கள் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கும் வீடு, விலையும் 500,000க்குள் என்பதால் விலக்கு கிடைத்தது. நம் 10 விழுக்காட்டிலிருந்து வக்கீல் ஏன் 3 விழுக்காட்டை எடுத்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்புகிறார் என்று பலர் பதறுகிறார்கள். அது விற்பவரின் சொத்து லாப வரிக்கான பிடித்தம். போவது அவர் பணம், நம் தலையில் விழாது. ஆனால் 60 நாளுக்குள் அனுப்ப வேண்டிய பொறுப்பு வாங்குகிற நம் தரப்புடையது.

இனி அந்தக் காகிதம்.

முதல் வீட்டுக்கு என் வக்கீல் அக்கா நில அலுவலகத்தில் தேடல் போட்டு எடுத்தார். ஒரே தாள். உரிமையாளர் இடத்தில் விற்பவரின் பெயர். 'காடாயான்', அதாவது அடமானம் என்ற வரியில் அவருக்குக் கடன் கொடுத்த வங்கியின் பெயர். பெயர் மாற்றத்தைத் தடுக்கும் கேவியட் எதுவும் இல்லை. அவருக்கு இன்னும் 112,000 வெள்ளி கடன் பாக்கி. என் வங்கி அதை முதலில் அந்த வங்கிக்குக் கட்டும். அவர்கள் அடமானத்தை விடுவிக்கும் 16என் பாரத்தையும் கெரானையும் கொடுப்பார்கள். பிறகு பெயர் மாற்ற 14ஏ, என் வங்கிக்கு அடமானம் வைக்க 16ஏ, மூன்றும் ஒன்றாகப் பதிவுக்குப் போகும். நம் நிலச் சட்டத்தின் உயிரே அந்தப் பதிவேடுதான். மோசடி, கள்ளக் கையெழுத்து மாதிரியான சில விதிவிலக்கு தவிர, அதில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்டிக்கொண்டு பின்னால் போக வேண்டியதில்லை.

மூலை வீட்டுக்குத் தோண்டத்தான் வேண்டும். அங்கே நாம் வாங்குவது பதிவேட்டில் உள்ள வீடு அல்ல. முதன்முதலில் டெவலப்பரிடம் வாங்கியவருக்கு அந்த எஸ்.பி.ஏ.வில் இருந்த உரிமையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு அசைன்மென்ட் பத்திரம். கெரான் இல்லாததால் வங்கியும் அடமானத்தைப் பதிய முடியாது. அது நம்மிடம் ஒரு அசைன்மென்ட்டும் பவர் ஆஃப் அட்டர்னியும் எழுதி வாங்கிக்கொள்ளும்.

வக்கீல் அக்கா அந்தக் கோப்பை மேசையில் விரித்துப் போட்டார். 1998இல் முதல் வாங்கியவர், 2006இல் இரண்டாமவர், இப்போது விற்பவர் மூன்றாமவர். முதலாமவரிடமிருந்து இரண்டாமவருக்கு எழுதிய பத்திரம் ஜெராக்ஸ் மட்டும்தான் இருந்தது, அதிலும் முத்திரைப் பக்கம் பாதி வெள்ளையாக விழுந்திருந்தது. கம்பெனிப் பதிவு ஆணையத்தில் தேடியபோது டெவலப்பர் கம்பெனியே கலைப்பு நடவடிக்கையில் இருப்பது தெரிந்தது. இனி எதற்கும் கம்பெனியைக் கலைக்க அமர்த்திய லிக்விடேட்டரிடம்தான் போக வேண்டும். உறுதிக் கடிதத்துக்கு அவருக்கு ஒரு கட்டணம், அது வரும்வரை காத்திருப்பு.

"அசல் கிடைக்கலன்னா என்னக்கா ஆகும்?" என்று கேட்டேன்.

"சத்தியப்பிரமாணம் போட்டுச் சமாளிக்கலாம் தம்பி. நான் ஒத்துக்குவேன். உங்க பேங்க் ஒத்துக்கணுமே" என்றார்.

ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கேட்ட வங்கி, லிக்விடேட்டர் கடிதம் இல்லாமல் கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்றது. இரண்டாவது வங்கி 80 விழுக்காடு மட்டும் தருவதாகச் சொன்னது. இங்கேதான் என் 40,000 வெள்ளிக் கனவு கலைந்தது. 345,000இல் 20 விழுக்காடு என்றால் கையிலிருந்து 69,000 வெள்ளி போட வேண்டும். 385,000 வீட்டுக்கு 90 விழுக்காடு லோன் கிடைத்தது, கையிலிருந்து 38,500தான். விலை குறைந்த வீட்டை வாங்க 30,500 வெள்ளி கூடுதலாகப் புரட்ட வேண்டும்! இ.பி.எஃப். சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கைத் துடைத்தெடுத்தாலும் எங்களுக்கு அது எட்டாது.

சரி, எப்படியோ புரட்டி வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்றைக்காவது கெரான் வரும். அன்றைக்குப் பெயர் மாற்றத்துக்கு ஒரு வக்கீல் கட்டணம், வங்கியின் அடமானத்தைப் பதிய இன்னொன்று. செந்தூலில் என் அத்தை வீட்டில் இதுதான் நடந்தது. கெரான் தயார் என்று கடிதம் வந்தது. மாமா "போனஸ் வரட்டும், மாத்திக்கலாம்" என்று அதை அலமாரியில் வைத்தார். மாற்றாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அத்தை முதலில் மாமாவின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை வாங்க வேண்டும், அதை எடுத்துக்கொண்டு டெவலப்பரிடம் போக வேண்டும். லோன் எப்போதோ கட்டி முடிந்த வீடு அது.

விற்கும்போதும் இதே கதைதான். நமக்கு லோன் தரத் தயங்கிய வங்கி, நம்மிடம் வாங்க வருகிறவருக்கு மட்டும் தாராளமாகவா கொடுக்கப்போகிறது? வருகிறவன் ரொக்கத்தோடு வர வேண்டும். ரொக்கத்தோடு வருகிறவன் விலையை அடித்துத்தான் கேட்பான்.

மாஸ்டர் டைட்டில் என்றாலே ஓடுங்கள் என்று சொல்லவில்லை. நான் புரட்டிப் பார்த்தது ஒரே ஒரு கோப்பு, அதுவும் கெட்டுப்போன கோப்பு. டெவலப்பர் கம்பெனி உயிரோடு இருந்து, முதலில் வாங்கியவரே நேரடியாக விற்று, ஸ்த்ராத்தா விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்குக் கடிதமும் இருந்தால் என் கணக்கு வேறாக இருந்திருக்கும். 2015 ஜூனில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிந்தைய கட்டடங்களில் சாவியோடு ஸ்த்ராத்தா கெரானும் தர வேண்டும் என்பது விதி. ஆகவே இன்றைக்கும் மாஸ்டர் டைட்டிலில் நிற்பவை பெரும்பாலும் பழைய கட்டடங்கள். இருபது முப்பது வருஷமாக ஏன் வரவில்லை என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

டெவலப்பரிடமே புது வீடு வாங்கலாமே என்பார்கள். நான் வாங்கியதில்லை, கெப்போங்கில் தங்கச்சி வாங்கியதைப் பார்த்ததோடு சரி. அடுக்குமாடி என்றால் 36 மாதத்தில் சாவி, தாமதமானால் விலையில் வருஷத்துக்கு 10 விழுக்காடு நாள்கணக்கில் இழப்பீடு, சாவி வாங்கியபின் 24 மாதம் பழுது பொறுப்பு. ஒப்பந்தமே அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்தது, பாதுகாப்பு கூடுதல்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். 'வக்கீல் செலவு இலவசம்' என்று போடுகிறார்களே, அந்த வக்கீல் டெவலப்பருடைய வக்கீல். இரு தரப்புக்கும் அவரே நிற்க வழக்கறிஞர் சட்டத்தின் 84ஆவது பிரிவு விடாது. உங்களுக்காக நிற்க அங்கே யாரும் இல்லை. பழைய வீட்டிலும் ஏஜெண்டு அண்ணன் "விற்கிறவங்க லாயரையே வெச்சுக்குங்க, செலவு மிச்சம்" என்றார். தலையாட்டிவிட்டு என் வக்கீலையே வைத்துக்கொண்டேன். எஸ்.பி.ஏ.வுக்கும் லோனுக்கும் ஒரே வக்கீல் இருக்கலாம், அவர் நம் வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்களின் பட்டியலில் (பேனலில்) இருந்தால் போதும்.

நான் வாங்கிய வீடும் வழுக்கிக்கொண்டு வந்து கையில் விழவில்லை. நாலு மாதம் என்றது ஏழு மாதமானது. விற்பவரின் வங்கி கடன் பாக்கிக் கடிதம் தரவே ஐந்து வாரம் எடுத்தது. விற்பவர் தரப்பின் தாமதம் நம் நாள்கணக்கில் சேராது என்று எஸ்.பி.ஏ.வில் வக்கீல் அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார். அது இல்லையென்றால் தாமத வட்டியை நான் கட்டியிருப்பேன். கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கியதில் விற்பவர் 1,460 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்ததும் தெரிந்தது, கடைசிப் பணத்தில் கழித்துக்கொண்டோம். புக்கிங் தாளில் 'லோன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்' என்று எழுதச் சொல்லிக் கேட்டதற்கு ஏஜெண்டு முகம் சுளித்தார். எழுதித்தான் கொடுத்தார்.

இந்த மார்ச்சில் கெரான் நகல் வந்தது. உரிமையாளர் இடத்தில் எங்கள் இருவர் பெயர், காடாயான் வரியில் வங்கியின் பெயர், 35 வருஷத்துக்கு. போன வாரம் ரொட்டிச்சானாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே மூலை வீட்டின் பால்கனியில் ஏஜெண்டு பேனர் இன்னும் தொங்குவதைப் பார்த்தேன். 345,000ஐ அடித்து 320,000 என்று எழுதி, கீழே சிவப்பில் 'ரொக்கம் மட்டும்' என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரி தேத்தாரேவை வைத்துவிட்டு, "அந்தச் சமையலறை மட்டும் நமக்கு இருந்திருந்தா" என்றாள்.