கொழும்பு ஐசியுவில் தொடர் டயலிசிஸ்: சிற்றேட் ஒழுங்காகப் போடும் இடம்

மாமாவுக்கு நிமோனியா முற்றி, கிருமி இரத்தத்தில் பரவி, பிரஷர் விழுந்து, கிட்னியும் நின்றுவிட்டது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் வைத்து டயலிசிஸ் செய்தார்கள். சிகிச்சைக்கு முழு மார்க், பில்லுக்கு இல்லை. அதனால் பெயர் போடவில்லை.

சாதாரண டயலிசிஸ் நாலு மணிநேரத்தில் நிறைய நீரை இழுத்துவிடும், விழுந்த பிரஷர் அதைத் தாங்காது, ஆகவே மெதுவாக இரவு பகலாக ஓடும் மெஷின். ஆனால் ஓடினால்தானே பயன்! ஃபில்டரில் இரத்தம் உறைந்தால் எல்லாம் நின்றுவிடும், உள்ளே இருக்கிற இரத்தமும் வீண், புது செட் போடும்வரை சுத்திகரிப்பும் இல்லை. உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடலாம், ஆனால் அது உடம்பு முழுக்க வேலை செய்யும். மாமாவுக்கோ வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முதலில் ஒன்றும் போடாமல் ஓட்டிப் பார்த்தார்கள், ஃபில்டர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அப்புறம்தான் சிற்றேட். இரத்ததானப் பையில் இருக்கிற அதே பொருள். இரத்தம் மெஷினுக்குள் போகும் வழியில் சேர்க்கிறார்கள், அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கல்சியம் இல்லாமல் இரத்தம் உறையாது. குறைந்த கல்சியத்தை வேறு லைனில் உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு வாசித்துப் பார்த்தேன்: 2020இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் ஃபில்டர் ஹெப்பாரினில் ஏறக்குறைய 26 மணிநேரமும் சிற்றேட்டில் 47 மணிநேரமும் தாக்குப்பிடித்திருக்கிறது, இரத்தக் கசிவும் குறைவு. தொற்று மட்டும் சிற்றேட் பக்கம் கூடுதல், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே எனக்கு மனசு நிறைந்தது இரவு ட்யூட்டி மிஸ்மாரின் வேலையைப் பார்த்துத்தான். கல்சியம் பார்க்க ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிஞ்ச் இரத்தம், மாமாவின் கை லைனிலிருந்து இன்னொன்று, இரண்டுக்கும் கட்டிலடியிலேயே லேபல். மாறிப்போனால் கணக்கே பிழைத்துவிடுமாம். ஃபில்டரில் கல்சியம் 0.3 அளவில், உடம்பில் 1.1 பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு சிங்கள மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சார்ட்டைத் தொட்டுக் காட்டினார். டோர்ச் அடித்து ஃபில்டரின் மேல்பக்கத்தில் கறுப்புக் கோடு விழுகிறதா என்றும் பார்ப்பார். ஈரல் பலவீனமானால் சிற்றேட் உடம்பில் தேங்கும், மொத்தக் கல்சியத்துக்கும் அயன் கல்சியத்துக்கும் (எதிலும் ஒட்டாமல் இரத்தத்தில் தனியாக இருக்கும் பங்கு) உள்ள விகிதம் 2.5ஐத் தாண்டினால் அதற்கு அறிகுறி என்று டொக்டர் சொன்னார். அதையும் தவறாமல் பார்த்தார்கள்.

குறை இரண்டு. இந்த விளக்கமெல்லாம் முதல் ஃபில்டர் அடைத்த பிறகுதான் கிடைத்தது, மாமி ஒன்றும் விளங்காமலே கையெழுத்து வைத்திருந்தார். பில்லில் ஃபில்டர், சிற்றேட், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வரி. பிரித்துக் கேட்டோம், தந்தார்கள், ஆனால் கவுண்டருக்கும் வார்டுக்கும் அலைந்துதான். நீங்கள் போவதானால் அட்வான்ஸ் கட்டும்போதே ஒரு செட்டின் விலையையும், அடைத்தால் அடுத்த செட்டை யார் கணக்கில் போடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.