சின்ன ஊருக்கு இணையத்தில் பூ அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

சொந்த ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு வெளியூரிலிருந்து இணையத்தில் பூ அனுப்ப நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது. அதே படம், அதே வாசகம் எல்லாம் வேறு வேறு பெயர்களிலும் உலவுகின்றன. ஆகவே அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் திருமணமாகி ஐம்பது ஆண்டு நிறைந்தது. இருவரும் கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டியில் இருக்கிறார்கள். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும். மற்றபடி பூதலிங்கசுவாமி கோயில், சுற்றிலும் வயல், சாயங்காலத் திண்ணைப் பேச்சு என்று தன்பாட்டில் கிடக்கிற ஊர். நான் இருப்பது புனேயில். காலையில் அவர்கள் கோயிலுக்குக் கிளம்புவதற்குள் ஒரு ரோஜாக் கூடையும், பெரியம்மாவுக்கு இரண்டு முழம் பிச்சிச் சரமும் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

தேடியதும் மேலே வந்து நின்றது, 'பூதப்பாண்டியின் முன்னணிப் பூக்கடை' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு தளம். கூடையும் சரமும் சேர்த்து 1,499 ரூபாய். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் அதிகாலை டெலிவரிக்கு 199, கையாளும் கட்டணம் 99, நான் கேட்காமலே சேர்ந்துகொண்ட வாழ்த்து அட்டைக்கு 49 என்று ஏறி 1,846இல் வந்து நின்றது. இப்படிக் கேட்காத பொருளைக் கணக்கில் செருகுவதையும், கடைசிப் படியில் புதுக் கட்டணம் காட்டுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடைசெய்திருக்கிறது. தடை இருக்கிறது, செருகுவதும் நடக்கிறது. பணத்தைக் கட்டினேன். அட்டையில் அச்சிட நாலு வரி தமிழில் எழுதியும் கொடுத்தேன்.

திருமண நாளன்று காலையில் எதுவும் போகவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் கோயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். மதியம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி: 'உங்கள் ஆர்டர் ஒப்படைக்கப்பட்டது.' கூடவே சாட்சிக்கு ஒரு புகைப்படம். அதில் ஒரு பூங்கொத்து, பின்னால் வார்னிஷ் பூசிய கதவு, கதவின் மேல் 4சி என்ற எண், ஓரத்தில் லிஃப்டின் பொத்தான். பெரியப்பா வீடு ஓட்டு வீடு. வாசலில் திண்ணை இருக்கிறது, லிஃப்ட் இல்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "படம் இருக்கிறதே மேடம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கதவு எண்ணைக் காட்டியதும் குரல் மாறியது. விசாரிக்கிறோம் என்றார். மறுநாள் பிற்பகலில் பெரியம்மா கூப்பிட்டார். "மக்களே, யாரோ ஒரு பையன் கூடை ஒன்று வைத்துவிட்டுப் போகிறான். யார் அனுப்பியது என்று தெரியவில்லை. அட்டையில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது."

தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் எழுதிய நாலு வரியும் நாலு வரிசைப் பெட்டிகளாகப் போயிருந்தன. அனுப்பியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்டர் எண்.

கூடையை வீடியோவில் காட்டச் சொன்னேன். தளத்தில் காட்டியிருந்த படத்தில் இருபத்துநாலு சிவப்பு ரோஜா, வந்ததில் ஒன்பது. இடைவெளியை அடைக்க ஜெர்பரா, அதில் இரண்டு தலை தொங்கிப்போயிருந்தன. ரோஜாக்கள் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்து, இறுக்கமாக இருந்தன. பழைய ரோஜாவில் கருகிய வெளி இதழ்களை உரித்துவிட்டால் மொட்டுப்போல ஆகிவிடும். பார்க்கிறவருக்குப் புதிதாகத் தோன்றும். பூவின் அடியில் காம்பு சேரும் இடத்தைப் பார்த்தால் இதழ் உரித்த தழும்பு தெரியும், பெரியம்மா கேமராவை அருகில் கொண்டுபோனபோது எனக்கும் தெரிந்தது. காம்புகளைச் செருகும் பச்சை நிற ஸ்பாஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் பூவைக் குத்தவேண்டும். இது காய்ந்து கிடந்தது; பெரியம்மா விரலால் தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. இலைகளின் மேல் வெள்ளி மினுக்கு தெளித்திருந்தார்கள். பிச்சிச் சரம் வரவே இல்லை.

கூடையின் அடியில் நாகர்கோவில் கடை ஒன்றின் ஸ்டிக்கர் இருந்தது. அந்த எண்ணுக்குப் பேசினேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனால் எடுத்தவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். அவருக்கு அந்த ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்ததே திருமண நாளன்று இரவுதான். அதாவது நான் புகார் செய்த பிறகு. கொடுத்தது வேறு ஊரில் இருக்கும் ஓர் ஏஜென்ட்; அந்தத் தளத்தின் பெயரையே இவர் கேள்விப்பட்டதில்லை. "எனக்கு வந்தது 600 ரூபாய் அக்கா, வண்டிக்கும் சேர்த்து. அதில் எத்தனை பூ வைக்க முடியும்? சரம் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வடசேரிச் சந்தையில் வாங்கிக் கொடுத்திருப்பேனே" என்றார். பழைய இதழை உரித்தது குறித்துக் கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

1,846இல் 600. மீதி 1,246 ரூபாயை, பூவைக் கண்ணாலும் பார்க்காத இரண்டு பேர் பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஓர் ஊரில் ஆர்டர் எடுத்து வேறு ஊர்க் கடை மூலம் பூ கொடுப்பது புதிய ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் 1910இலேயே பூக்கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தந்தி மூலம் ஒருவருக்கொருவர் ஆர்டர் அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே ஆர்டர் வாங்குகிறவரும் பூக்கடைக்காரர், கொடுக்கிறவரும் பூக்கடைக்காரர். இப்போது நடுவில் இருப்பவரிடம் கடை கிடையாது, பூ கிடையாது. விளம்பரம் மட்டும் இருக்கிறது. பெரிய நகரமென்றால் ஏதாவது ஒரு கடை குறைந்த காசுக்கும் ஒத்துக்கொள்ளும். பூதப்பாண்டி மாதிரி ஊர்களுக்கு யாரும் உடனே ஒத்துக்கொள்வதில்லை, வண்டிச் செலவுக்கே கட்டாது. எனவே ஆர்டர் அப்படியே கிடக்கும். கேள்வி கேட்கிறவருக்கு மட்டும் பிறகு எதையாவது அனுப்புவார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்காத இடம் வேறு. பூதப்பாண்டி இருப்பது தோவாளை வட்டத்தில். தோவாளைப் பூச்சந்தையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விடிவதற்கு முன்பே பிச்சி, மல்லி, சம்பங்கி, கிரேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, அரளி, மரிக்கொழுந்து என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். ஓணத்துக்குக் கேரளத்துக்கு லாரி லாரியாகப் பூ போவது இங்கிருந்தும்தான். அரளியையும் நொச்சி இலையையும் மடித்துத் தோவாளைக்காரர்கள் கட்டும் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணுக்கு, குளிர்சாதனத்தில் இரண்டு முதல் நாலு டிகிரியில் இருந்திருக்கவேண்டிய ரோஜாவை வெயிலில் உருட்டிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்கள் விற்றது முனை ஒடிந்த ஊசி.

பிறகு அந்தத் தளத்தைச் சாவகாசமாகப் படித்தேன். 'பூதப்பாண்டி மாநகரின் பரபரப்பான வாழ்க்கையில்' என்று தொடங்குகிறது அவர்களுடைய அறிமுகம். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது வெகுநேரம் சிரித்தார். பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். ஊர்ப்பெயரைத் தவிர ஓர் எழுத்தும் மாறவில்லை. அணைக்கட்டு ஊரான பேச்சிப்பாறையும் பரபரப்பான மாநகரம்தான். வாடிக்கையாளர் கருத்துகளிலும் அதே கதை: 'என் அம்மா கண்கலங்கிவிட்டார்' என்ற அதே வாக்கியம், அதே ஐந்து நட்சத்திரம், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. கடையின் முகவரி எந்தப் பக்கத்திலும் இல்லை. இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் கண்ணில் படும்படி இருக்கவேண்டும். அவை இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். 'எங்கள் ஊரில் உங்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது?' என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள், தடுமாறுவார்கள்.

ஊரில் பூ வேண்டுமென்றால் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவின் எண்ணை உறவினர் யாரிடமாவது வாங்கிக்கொள்வது நல்லது. இப்போது அவர்களும் கைபேசியில் பணம் வாங்குகிறார்கள். முகூர்த்த நாளில் விலை பல மடங்கு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்று பூ கிடைக்காது என்றால் அதையும் சொல்லிவிடுவார்கள். போன வாரம் பெரியம்மாவுக்கு அப்படித்தான் பிச்சிச் சரம் போனது. கட்டியவரின் மகனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பணம் போய்விட்டவர்களுக்கு: ஆர்டர் பக்கம், பொருளின் படம், வந்த பூ, அட்டை, அவர்கள் அனுப்பிய பொய்ப்படம் எல்லாவற்றையும் உடனே சேமித்துவையுங்கள். எனக்கு வந்த 4சி கதவுப் படம் சில நாளில் தளத்திலிருந்து காணாமல் போய்விட்டது. என்னிடம் பிரதி இருந்தது. புகாரைக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது விதி. எனக்கு முதலில் அவர்கள் நீட்டியது அடுத்த ஆர்டரில் 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்த பிறகுதான் 1,499 ரூபாய் திரும்பி வந்தது. டெலிவரி, கையாளுதல், அட்டை ஆகிய 347 ரூபாயைத் தரமுடியாதாம். அந்தச் சேவைகள் 'நிறைவேற்றப்பட்டுவிட்டன' என்று எழுதியிருக்கிறார்கள். அதிகாலை டெலிவரி மறுநாள் பிற்பகலில் நிறைவேறியிருக்கிறது, அட்டை கட்டங்களாக நிறைவேறியிருக்கிறது.

347 ரூபாய்க்கு வழக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. மனுவை எழுதி முடித்துவிட்டேன். கட்டம் போட்ட அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படி பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், மனுவோடு இணைக்க வேண்டும்.