பி5 என்று போட்டிருந்தால் பி5 ஆகிவிடாது: ஸ்பிண்டில் பேரிங் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டு) பேரிங் வாங்கப் போகிறவர்கள், அதிலும் வீட்டு ஷெட்டில் பழைய மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது செகண்ட்ஹேண்ட் டர்ரெட் மில்லிங். குவிலின் (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குழல்) கீழ்ப்பக்கம் 7207 ஆங்குலர் காண்டாக்ட் (பக்கவாட்டு விசையோடு நீளவாட்டு விசையையும் தாங்கும்) பேரிங் ஜோடி, நடுவில் ஸ்பேசர் வளையம். அது தேய்ந்துபோய், ஃபினிஷிங் கட்டிலேயே அலை அலையாகக் கோடு விழ ஆரம்பித்தது. பி5 தரம் (சாதாவைவிடத் துல்லியமானது), 15 டிகிரி தொடுகோணம், மேட்ச்டு செட் (சேர்ந்து ஓடுவதற்கென்றே ஜோடி சேர்த்தது) என்று சீட்டில் எழுதியே கடையில் கொடுத்தேன். சாதா 7207 சில நூறு ரூபாய். பி5 ஜோடி என்றால் ஆயிரங்களில் போகும். அந்த விலையைத்தான் வாங்கினார்கள். "கம்பெனி சீல் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க."

உள்வளையத்தைச் சூடாக்கி, சுத்தியல் படாமல் மாட்டினேன். 2000 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓடியதற்கே குவிலில் கை வைக்க முடியவில்லை. ஸ்பிண்டில் டேப்பருக்குள் (கருவி உட்காரும் கூம்புத் துளை) டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) மேல் ஆடுகிறது. இந்த அளவு பேரிங்கில் உள்வளைய ஆட்டம் பி5 என்றால் 5 மைக்ரானைத் தாண்டக் கூடாது. சாதா தரத்துக்கே 15தான்.

கழற்றித் தின்னரில் கழுவியபோது வண்டவாளம் தெரிந்தது. வளையத்தின் முகத்தை பஃப் அடித்து, மேலே புதிதாக லேசரில் எழுதியிருக்கிறார்கள். ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பழைய நம்பரின் தடம் மங்கலாகத் தெரிகிறது: பம்புகளில் போடும் 40 டிகிரி சாதா பேரிங். இன்னொன்று, மேட்ச்டு செட்டில் வெளிவளையங்களின் மேல் ஒரே ஒரு 'வி' குறி இரண்டு பேரிங்குக்கும் குறுக்கே ஓடும். சரியான வரிசையில் அடுக்கினால்தான் கோடு சேரும். இதில் அந்தப் புண்ணியவான் ஒவ்வொன்றிலும் ஒரு முழு 'வி' போட்டு வைத்திருக்கிறார்! எப்படி அடுக்கினாலும் சேராது.

கடையில் கேட்டால், "மாட்டின பேரிங்கை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், நீங்க அடிச்சு மாட்டியிருப்பீங்க" என்கிறார்கள். அப்புறம்தான் பில்லைக் காட்டினார்கள். அதில் 'பேரிங் – 2' என்று மட்டும் இருக்கிறது. நம்பரும் இல்லை, தரமும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த சீட்டு அவர்களிடமே தங்கிவிட்டது.

வாங்கினால் முழு நம்பரும் பின்னொட்டோடு (தரம், கோணம் சொல்லும் கடைசி எழுத்துகள்) பில்லில் வர வேண்டும் என்று அடம்பிடியுங்கள். பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்து, எண்ணெயைத் துடைத்து, எழுத்தையும் 'வி' குறியையும் பாருங்கள். எஸ்கேஎஃப், ஷேஃப்லர் இரண்டுமே போலியைக் கண்டுபிடிக்க மொபைல் ஆப் வைத்திருக்கின்றன. கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள். பிரிக்க விடமாட்டேன் என்றால் வேறு கடை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து போன் வந்தது: பணம் தர மாட்டார்களாம், வேண்டுமானால் அதே லாட்டிலிருந்து இன்னொரு ஜோடி தருகிறார்களாம்.