குடியேறப்போகும் ஊரின் தெருவில் முன்கூட்டியே நடப்பது: கூகுள் ஸ்ட்ரீட் வியூவுடன் இரண்டு ஆண்டுகள்

ஓய்வுக்காலத்தில் எந்த நகரத்தில் வாழலாம் என்று நானும் அக்காவும் பேசத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு 58 வயது. 31 ஆண்டுகள் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, அரை கிலோமீட்டர் நடந்தால் அவளுக்கு எங்காவது உட்கார வேண்டும். இந்தத் தேடலில் எங்களுக்கு மிக அதிகம் உதவியது, தெருவில் நின்று பார்ப்பதுபோல் படம் காட்டும் கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூ. எங்களைப் போல ஊர் தேடுகிறவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எல்லோரையும் போல நாங்களும் வாழத் தகுந்த நகரங்களின் தரவரிசைப் பட்டியல்களில்தான் தொடங்கினோம். எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் 173 நகரங்களை மதிப்பிட்டு வெளியிடும் பட்டியல் அவற்றில் பெயர்பெற்றது. 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகள் மெல்போர்ன் அதில் முதலிடத்தில் இருந்தது. 2022 முதல் 2024 வரை வியன்னா. 2025இல் கோபன்ஹேகன். நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், மருத்துவத்துக்கு 20, பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 25, கல்விக்கு 10, உள்கட்டமைப்புக்கு 20 என்று கணக்கு. அதில் வாழ்க்கைச் செலவு கிடையாது என்பதைப் படித்தபோது அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியென்றால் இது யாருக்கான பட்டியல்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள், கடினமான ஊருக்குப் போகிறவருக்கு எவ்வளவு சிறப்புப்படி தரலாம் என்று முடிவுசெய்யப் பயன்படுத்தும் அளவுகோல் இது. 80 மதிப்பெண்ணுக்கு மேல் பெற்ற ஊருக்குப் படி தேவையில்லை. 50 அல்லது அதற்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம். அந்த வேலைக்கு அது நல்ல கருவிதான். ஆனால் 2021இல் முதலிடம் பிடித்த ஆக்லாந்து அடுத்த ஆண்டே 34ஆம் இடத்துக்கு இறங்கியது. தொற்றுநோய்க் காலக் கட்டுப்பாடுகள் ஊருக்கு ஊர் மாறியதால் வந்த ஏற்ற இறக்கம் அது. அங்கே காலைநடை போகும் ஒரு மூதாட்டிக்கு அந்த ஓராண்டில் 33 இடம் அளவுக்கு என்ன மாறியிருக்கும்? எங்களுக்குத் தேவைப்பட்டது அவருடைய தெரு.

ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாதம் ஐந்து அமெரிக்க நகரங்களுடன் தொடங்கியது. வரைபடத்தின் மூலையில் இருக்கும் மஞ்சள் பொம்மையை இழுத்து ஒரு தெருவில் விட்டால் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். எல்லோரும் முதலில் கோபுரங்களையும் சதுக்கங்களையும் போய்ப் பார்க்கிறார்கள். நாங்களும் ஒரு மாதம் அதில்தான் செலவழித்தோம். பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். நகர மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு குடியிருப்புத் தெருவில் பொம்மையை விட வேண்டும். அங்கிருந்து அருகிலுள்ள பொது நூலகம்வரை திரையில் நடந்தே போக வேண்டும். வழியில் பார்ப்பதை நான் நோட்டில் எழுதுவேன்: எத்தனை பெஞ்சுகள், நிழல் எங்கே அறுகிறது, நடைபாதை விளிம்பு சாலையோடு சரிவாகச் சேர்கிறதா அல்லது படிபோல் நிற்கிறதா, தனியாக நடந்துபோகும் முதியவர்கள் எத்தனை பேர்.

இந்தக் கடைசிக் கணக்கு அக்காவின் யோசனை. முகங்களை மென்பொருள் மங்கலாக்கிவிடுகிறது. நடையை மங்கலாக்க முடியாது. கைத்தடியோடு ஒருவர் சாலையைக் கடக்கும்போது கார்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே அந்த ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்பாள். பால்கனியில் உலரும் துணிகளைப் பார்த்தால் அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருப்பது உறுதியாகும். தெரு முழுக்கச் சாத்திய ஜன்னல்களும், கதவுக்குக் கதவு வாடகை விருந்தினருக்கான சாவிப்பெட்டிகளும் தொங்கினால், அது பெரும்பாலும் வந்துபோகிறவர்களின் தெரு.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது 2014இல் சேர்க்கப்பட்ட காலப்பயண வசதி. படத்தின் தேதியை ஒட்டியிருக்கும் இணைப்பைத் தொட்டால் அதே இடத்தின் பழைய படங்கள் வரிசையாக வரும். பாரிஸின் ரிவோலி தெருவைப் பாருங்கள். 2008இல் கார்கள் நெருக்கியடித்து நிற்கும். 2020க்குப் பிந்தைய படங்களில் சாலையின் பெரும்பகுதி சைக்கிள்களுக்குப் போயிருக்கும். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை 2009இல் கார்களுக்கு மூடினார்கள். முன்னும் பின்னுமான படங்களை அடுத்தடுத்து வைத்தால் அந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்று புரியும். ஓர் ஊர் எந்தத் திசையில் போகிறது என்பதை எந்தப் பட்டியலும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. பத்து ஆண்டுகளில் ஒரு தெருவில் மரங்கள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று எண்ணிவிடலாம். நான் எண்ணியிருக்கிறேன். குறைந்திருந்த மூன்று நகரங்களை நோட்டிலிருந்து அடித்துவிட்டோம்.

தேதியைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நகரத்தில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பதற்காக, திரையில் பார்த்து மயங்கிய ஒரு தெருவில் வீடு எடுத்தேன். போய் இறங்கினால் ஜன்னலுக்கு எதிரே மேம்பாலம். நான் பார்த்த படம் ஏழு ஆண்டுப் பழையது. அது மூலையில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. இப்போது நோட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் முதல் வரியாகப் படத்தின் மாதத்தையும் ஆண்டையும் எழுதுகிறேன். சில நாடுகளில் இது மிக முக்கியம். ஜெர்மனியில் 2010இல் 20 நகரங்களுக்கு இந்தச் சேவை வந்தபோது, தங்கள் வீட்டை மறைக்கச் சொல்லி சுமார் 2,44,000 வேண்டுகோள்கள் குவிந்தன. அதன்பின் புதிய படம் எடுப்பது நின்றுபோய், 2023இல்தான் புதுப் படங்கள் வந்தன. அதுவரை பெர்லினில் பொம்மையை விட்டவர்கள் பல ஆண்டு முந்தைய பெர்லினில், அங்கங்கே மூடுபனி போர்த்திய வீடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். சீனப் பெருநிலத்தின் நகரங்களுக்கு இதைக் கொண்டு ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது.

மேடு பள்ளம் இன்னொரு சிக்கல். அகலக் கோணப் படம் சரிவைத் தட்டையாக்கிவிடும். லிஸ்பனின் தெருக்கள் திரையில் மென்மையாக ஏறுகின்றன. முழங்கால் அப்படிச் சொல்லாது. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, சாலையைப் பார்க்காமல் கட்டடத்தின் அடியைப் பார்ப்பது. ஒரே வீட்டின் தரைத்தள ஜன்னல் ஒரு முனையில் இடுப்பளவிலும் மறுமுனையில் தலைக்கு மேலும் இருந்தால் அந்தத் தெரு எங்களுக்கு ஆகாது. லிஸ்பன் நடைபாதைகளில் பதித்திருக்கும் சுண்ணாம்புக்கல் தேய்ந்து பளபளப்பதைப் பெரிதாக்கிப் பார்த்த அக்கா, "மழை பெய்தால் இதில் என்னை யார் தூக்குவது?" என்றாள். நான் மிகவும் விரும்பிய ஊர் அது. விட்டுவிட்டோம்.

மழை என்றதும் இந்தச் சேவையின் பெரிய குறைக்கு வருகிறேன். ஸ்ட்ரீட் வியூவில் எப்போதும் பகல், பெரும்பாலும் வெயில். ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் நார்வேயின் பெர்கனும் அதில் உலர்ந்துதான் கிடக்கிறது. டிசம்பரில் ஆறு மணி நேரம்கூடப் பகல் இல்லாத ஹெல்சிங்கி அதில் கோடையில் ஒளிர்கிறது. ஒலி இல்லை, வாசனை இல்லை, இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு நகரத்துக்கும் மாதவாரியான மழை நாட்களையும் பகல் நீளத்தையும் தனியாக எடுத்து நோட்டில் படத்தின் தேதிக்குக் கீழே எழுதிவிடுகிறோம். அதைச் செய்யாமல் வடக்கு நகரங்களை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீண்டகாலம் தங்க அனுமதி கிடைக்குமா என்பதும் எந்தப் படத்திலும் இல்லை. அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள், இல்லையென்றால் மாதக்கணக்கான நடை வீண்.

ஒரு கூச்சமும் இருக்கிறது. படமெடுக்கும் காரின் மேல் உள்ள கேமரா ஆள் உயரத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. மதில் தாண்டி அடுத்தவர் முற்றம் தெரிகிறது. ஜப்பானில் மக்கள் முறையிட்ட பிறகு 2009இல் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கினார்கள். அது நல்ல முடிவு. குடியேற நினைக்கும் ஊரில் நான் முதலில் செய்யும் காரியம் வேலிக்கு மேல் எட்டிப்பார்ப்பதாக இருக்கக் கூடாது; முற்றங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று வானிலைக்கும் ஒலிக்கும்.

41 நகரங்களில் தொடங்கிய எங்கள் நோட்டில் இப்போது இரண்டு எஞ்சியிருக்கின்றன. ஒன்று வியன்னா, மரநிழலில் பெஞ்சுகள் இருக்கும் ரிங் சாலைக்காக மட்டுமல்ல, 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் போன்ற நகராட்சிக் குடியிருப்புகளில் இன்றும் சாதாரண மக்கள் வாழ்வதற்காக. இன்னொன்று எந்தப் பட்டியலும் எங்களுக்குச் சொல்லாத, இத்தாலியின் கடலோர நகரமான திரியெஸ்தே. கார்கள் வராத, மரங்கள் அடர்ந்த, 'செப்டம்பர் இருபது' என்ற பெயருள்ள நிழற்சாலையில் நான் பெஞ்சுகளை எண்ணி முடிப்பதற்குள் அக்கா நோட்டை வாங்கி அதன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள். கடலுக்குள் 200 மீட்டருக்கு மேல் நீளும் மோலோ அவுதாச்சே மேடையில் திரையில் எத்தனையோ மாலைகள் நடந்திருக்கிறோம்.

ஆனால் அங்கே போரா என்ற காற்று உண்டு. குளிர்காலத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும். பாதசாரிகள் பிடித்துக்கொள்ளத் தெருவோரங்களில் கயிறு கட்டிவைத்த காலமும் இருந்திருக்கிறது. படங்களில் மரங்கள் அசையாமல் நிற்கின்றன. அதனால் பிப்ரவரி மாதத்துக்கு அங்கே வீடு எடுத்திருக்கிறோம், படத்தின் தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டு. அக்கா புதிய கைத்தடி ஒன்று வாங்கி, நுனியில் கனமான ரப்பர் பொருத்தி, கூடத்தில் நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள்.